கொல்லைச் செடிக்கு என்ன கோளாறு? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

எங்கள் வீடு மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்தில். வீட்டுக்குப் பின்னால் கொல்லை, கொல்லை முடிகிற இடத்தில் வாய்க்கால், அதற்கு அந்தப் பக்கம் வயல். இந்த மண் நெல்லுக்கான மண். ஊற்றின தண்ணீரை லேசில் விடாது. நெல்லுக்கு அது வசதி. கத்தரிக்கும் கறிவேப்பிலைக்கும் பாதி வியாதி அதனால்தான் வருகிறது. "செடி வாடினால் தண்ணீர் ஊற்றுங்கள்" என்று மேட்டாங்காட்டுக்காரர்கள் எழுதும் குறிப்பை இங்கே அப்படியே பின்பற்றினால், வாடின செடி செத்துப்போகும்.

அதனால் மருந்துக் கடைக்குக் கிளம்புவதற்கு முன் நான்கு காரியம் செய்யுங்கள். செடியின் தூரில் விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். கோளாறு அடியிலையிலா, கொழுந்திலா என்று பாருங்கள். கடைசியாக, ஒரு செடிக்கு மட்டும் வந்ததா, எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் வந்ததா என்று பாருங்கள். நோயும் பூச்சியும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவ நாளெடுக்கும். ஒரே நாளில் எல்லாச் செடியும் முகம் மாறினால் அது தண்ணீரோ, உப்போ, யாரோ அடித்த மருந்தோதான்.

மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் செடி வாடுகிறது

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மூன்று காரணம் உண்டு. மூன்றும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

போன வருஷம் ஐப்பசி மழை விட்ட மூன்றாம் நாள், வெயில் சுள்ளென்று அடித்தது. காய்க்க ஆரம்பித்திருந்த கத்தரிச் செடிகள் ஆறும் மதியம் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. என் மாமியார் குடத்தோடு வந்துவிட்டார்.

"ஊத்தாதீங்க அத்தை, மண்ணு சொதசொதன்னு இருக்கு."

"வாடிக் கெடக்கே, கண்ணு தெரியலையா உனக்கு?"

ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினேன். வெள்ளையாக இருக்கவேண்டிய வேர் பழுப்பாக, வழவழவென்று இருந்தது. லேசாக இழுத்ததும் மேல்தோல் உறைபோலக் கழன்று நடு நார் மட்டும் கையில் நின்றது. சாக்கடை வாடை வேறு. அத்தை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடத்தைக் கீழே வைத்தார். வேருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. சுற்றித் தண்ணீர் இருந்தாலும் அழுகின வேரால் உறிஞ்ச முடியாது, அதனால்தான் இலை தொங்குகிறது. இது முதல் காரணம்.

இதற்கு மருந்து மண்வெட்டிதான். பாத்தியைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் எடுத்துத் தண்ணீரை வடியவிடுங்கள். மண் கொஞ்சம் உலர்ந்ததும் தூரைச் சுற்றி லேசாகக் கொத்திவிடுங்கள். இலையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் மிச்ச வேருக்குச் சுமை குறையும். மறுபடி தளிர் வரும் வரை உரம் எதுவும் போடக்கூடாது. எங்கள் ஆறு செடியில் நான்கு பிழைத்தன.

இரண்டாவது, பாக்டீரியா வாடல். கத்தரி, தக்காளி, மிளகாய், இஞ்சி எல்லாவற்றுக்கும் வரும். இலை மஞ்சளாகக்கூட நேரமிருக்காது. பச்சையாகவே இரண்டு மூன்று நாளில் செடி சாயும். தூருக்கு மேலே ஒரு விரல் நீளத் தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டின முனை நீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிஷத்தில் முனையிலிருந்து பால் நூல்போல வெள்ளையாக இறங்கினால் சந்தேகமே வேண்டாம். அந்தச் செடியைக் காப்பாற்ற வழி இல்லை. வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள், குப்பைக்குழியில் போடாதீர்கள். அதே இடத்தில் சில வருஷத்துக்குக் கத்தரி, தக்காளி, மிளகாய் எதுவும் வைக்கவேண்டாம். வெண்டை, கீரை, சோளம் வைக்கலாம். சுண்டைக்காய்ச் செடியின் வேர் இந்த வாடலைத் தாங்கும். சுண்டை அடிச்செடியில் ஒட்டுக்கட்டின கத்தரிக் கன்று இப்போது நாற்றுப் பண்ணைகளில் கிடைக்கிறது. வாடல் வந்த கொல்லைக்கு அதுதான் சரி.

மூன்றாவது நூற்புழு. இதில் செடி திடீரென்று சாவதில்லை. மதியம் வாடும், சாயங்காலம் தேறும், வளர்த்தி நின்றுபோகும். பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக இருக்கும். அவரை, தட்டைப்பயறு வேரில் இருக்கும் சத்து முடிச்சோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வேரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், நகத்தால் தட்டினால் உதிரும். நூற்புழு முடிச்சு என்றால் வேரே வீங்கியிருக்கும், தனியாக உதிராது. கனகாம்பரம் நன்றாகப் பூத்துக்கொண்டிருந்து ஒருநாள் சோம்பிப்போனால் முதலில் இதைத்தான் சந்தேகிக்கவேண்டும். வேப்பம் புண்ணாக்கைத் தூள் செய்து மண்ணில் கலந்து, அந்தப் பாத்தியில் ஒரு பட்டம் முழுக்கச் செண்டுமல்லி போடுங்கள். அதன் வேருக்குப் புழுவைக் குறைக்கும் குணம் உண்டு, பூவும் லாபம்.

மண்ணே சந்தேகமாக இருந்தால் ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது இறங்கினதும் இன்னொரு தடவை நிரப்புங்கள். ராத்திரி நிரப்பினது காலையிலும் நின்றால் அங்கே நேராகச் செடி வைக்காதீர்கள். ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டுங்கள். களிமண்ணில் மணலைக் கொட்டினால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். கொஞ்சம் மணல் போட்டால் செங்கல்போல இறுகிவிடும், இளக்கவேண்டுமென்றால் வண்டி வண்டியாகக் கொட்டவேண்டும். அதற்குப் பதில் மக்கின சாணி எருவும், அரிசி ஆலையில் கிடைக்கும் கருகின உமியும் கலந்தால் மண் பொலபொலவென்று ஆகும். மேலே வைக்கோல் பரப்பினால் சித்திரை வெயிலில் மண் வெடிக்காது. வைக்கோலுக்கு நமக்கென்ன பஞ்சம்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதுதான் கேள்வி.

அடியிலை சீராக மஞ்சளாகி, கொழுந்து பச்சையாக இருந்தால் தழைச்சத்துப் பற்றாக்குறை. மழை அடித்து ஓய்ந்த பிறகு சகஜம். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றினால் இரண்டு வாரத்தில் தெரியும்.

கொழுந்து வெளிறி மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்து செடிக்குப் போய்ச் சேரவில்லை. மண்ணில் இல்லை என்று அர்த்தமில்லை. மண் காரமாக இருந்தாலோ, வேர் நீரில் நின்றாலோ இருக்கிற இரும்பைச் செடியால் எடுக்க முடியாது. கறிவேப்பிலை, ரோஜா, எலுமிச்சையில் அதிகம் பார்க்கலாம். பல வீட்டில் கறிவேப்பிலைத் தூரில் அடுப்புச் சாம்பலைத் தினமும் கொட்டுவார்கள். சாம்பல் காரம், அதனால் இந்த மஞ்சள் கூடத்தான் செய்யும். நிறுத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை. புளித்த மோர் ஊற்றுவது எங்கள் வீட்டிலும் வழக்கம்தான், கெடுதல் இல்லை. ஆனால் வடிகால் சரியில்லாத கறிவேப்பிலைக்கு மோர் ஒன்றும் செய்யாது.

வெண்டையில் இதற்கு நேர்மாறாக, நரம்பு மஞ்சளாகி நடுப்பகுதி பச்சையாகத் தெரிந்தால் அது சத்துக்குறை இல்லை, வைரஸ். வெள்ளை ஈ கொண்டுவருவது. காயும் வெளிறி முற்றிப்போகும். ஒன்றிரண்டு செடியில் தெரியும்போதே பிடுங்கிவிட்டு, மஞ்சள் ஒட்டு அட்டையைச் செடி உயரத்தில் கட்டுங்கள். பாவம் பார்த்து விட்டுவைத்தால் மொத்தப் பாத்தியும் போகும்.

இலை சுருளுகிறது, முறுக்கிக்கொள்கிறது

மிளகாயில் இலை மேல்நோக்கிப் படகுபோல மடங்கினால் இலைப்பேன். ஒரு வெள்ளைத்தாளைக் கீழே பிடித்துக் கொழுந்தைத் தட்டினால் பொடிப்பொடியாக ஓடும். ஓரம் கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலைக்காம்பு நீண்டு, கொழுந்து எலிவால்போல ஆனால் மஞ்சள் சிலந்திப்பேன். கண்ணுக்குத் தெரியாத அளவுதான் இருக்கும். இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, காதி சோப்புக் கரைசலில் நன்றாக அடித்துக் கலந்து, இலை அடியில் படும்படி தெளியுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம். சிலந்திக்கு நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம், சாயங்காலம் மட்டும். எண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடிக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் இலை கருகும்.

இதில் எதுவும் இல்லாமல் இலை குச்சிபோல ஒடுங்கி, தண்டு பாம்புபோல வளைந்தால், வயலில் என்ன நடந்தது என்று விசாரியுங்கள். இது என் சொந்தத் தவறிலிருந்து கற்றது. நெல்லில் அகன்ற இலைக் களைக்கு 2,4-டி என்ற களைக்கொல்லி அடிப்பார்கள். எங்கள் வயலுக்கு அடித்த கைத்தெளிப்பானை ஒரு தடவை அலசிவிட்டு, அதிலேயே வேப்பெண்ணெய் கலந்து கொல்லைத் தக்காளிக்குத் தெளித்தேன். அடுத்தடுத்த நாளில் பதினெட்டுச் செடியும் முறுக்கிக்கொண்டன. புது இலை பெரணிபோல வந்தது. நான் வைரஸ் என்று நினைத்து வெள்ளை ஈயைத் தேடிக்கொண்டிருந்தேன். ஓர் ஈயும் இல்லை. பசலையும் அவரையும் அதே கோலம். பக்கத்திலேயே எலுமிச்சைப்புல்லும் நாலு சோளத்தட்டையும் எதுவும் நடக்காததுபோல நின்றன. அதைப் பார்த்துத்தான் விளங்கியது. அந்த மருந்து புல் இனத்தை ஒன்றும் செய்யாது, மற்றதை விடாது.

காற்றில் வந்து விழுந்திருந்தால் வயலைப் பார்த்த பக்கம் மட்டும் அதிகமாக முறுக்கியிருக்கும். லேசான பாதிப்பு என்றால் புதுத்தளிர் சில வாரத்தில் சரியாக வரலாம். பலமாக அடிபட்ட செடியை வைத்துக்கொண்டு பிரயோசனம் இல்லை. அந்தத் தக்காளியைக் குழம்பில் போட எனக்கு மனசும் வரவில்லை, பிடுங்கிவிட்டேன். களைக்கொல்லி அடிக்கும் தெளிப்பானில் சிவப்புத்துணி கட்டி மாட்டுக்கொட்டகையிலேயே வைத்துவிடுங்கள். அது கொல்லைப்பக்கம் வரவேகூடாது.

பூக்கிறது, காய்க்கவில்லை

புடலை, பீர்க்கு, பாகல், பறங்கி கொடிகளில் முதலில் ஆண் பூதான் வரும், அது உதிரத்தான் செய்யும். அதற்காக யாரும் திருஷ்டிப் பூசணி கட்டவேண்டாம். பூவுக்குப் பின்னால் குட்டிக்காய் இருந்தால்தான் பெண் பூ. அதுவும் மஞ்சளாகி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை. ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளி, நடுத்தூளைப் பெண் பூவின் நடுவில் ஒற்றிவிடுங்கள். பறங்கியும் பாகலும் விடியற்காலையில் பூக்கும். பீர்க்கும் சுரையும் சாயங்காலம், புடலை இருட்டும் நேரம். நேரம் தவறினால் ஒற்றியும் பயனில்லை.

தக்காளி சித்திரை, வைகாசியில் பூவை உதிர்த்தால் விட்டுவிடுங்கள். ராத்திரியும் வெக்கையாக இருந்தால் அது காய் பிடிக்காது. தைப்பட்டத்தில் முந்தி வைப்பதுதான் தீர்வு. முருங்கை பூவாகக் கொட்டினால் தூரில் தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். கிணற்றடியில் நிற்கும் முருங்கை கீரைக்குத்தான் ஆகும், காய்க்கு ஆகாது. செடி தளதளவென்று கரும்பச்சையாக இருந்தும் பூவே இல்லையென்றால் சாணியும் புண்ணாக்கும் கூடிப்போயிற்று.

காய் பிடிக்கிறது, கெட்டுப்போகிறது

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துத் தோல்போல அமுங்கினால் அது பூஞ்சை இல்லை. தண்ணீரை ஒருநாள் வெள்ளமாகவும் நாலுநாள் வறட்சியாகவும் விட்டதில் சுண்ணாம்புச்சத்து காய்க்கு எட்டவில்லை. ஒரே அளவாகத் தண்ணீர் விட்டு, வைக்கோல் மூடாக்குப் போட்டால் அடுத்த கொத்து நன்றாக வரும்.

பாகல், புடலை வளைந்து, ஒரு புள்ளியில் பிசின் கசிந்து, உள்ளே புழு நெளிந்தால் பழ ஈ. காய் விரல் நீளம் வரும்போதே பழைய வேட்டித்துணியில் பை தைத்து மாட்டிவிடுங்கள். விழுந்த காயைப் பந்தலடியில் விடாதீர்கள், அந்தப் புழு மண்ணில் இறங்கித்தான் கூட்டுப்புழு ஆகும். பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் இரண்டு நாள் போட்டபின் புதையுங்கள்.

வாழை

கொல்லையில் சாக்கடைத் தண்ணீர் போகிற வழியில் வாழை வைப்பது நம் வழக்கம். பாத்திரம் கழுவும் தண்ணீர் சரி. வாஷிங் மெஷின் தண்ணீர் வேறு. அதில் இருக்கும் சோடியம் களிமண்ணை இன்னும் இறுக்கிவிடும். அதைத் தினமும் வாழைக்கு விடாதீர்கள்.

அடியிலை ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு முறிந்து பாவாடைபோலத் தொங்கி, தூர் வெடித்தால் வாடல் நோய். ரஸ்தாளி இதற்குச் சீக்கிரம் பலியாகும், பூவன் தாங்கும். தண்டைக் குறுக்கே வெட்டினால் செம்பழுப்பு வளையம் தெரியும். நோய் மண்ணிலேயே பல வருஷம் கிடக்கும், அந்தக் குழியில் மறுபடி ரஸ்தாளி வைக்காதீர்கள். புதுக்கன்றை நோயில்லாத கட்டையிலிருந்து மட்டும் எடுங்கள். இலை குட்டையாக நிமிர்ந்து உச்சியில் கொத்தாக நின்றால் முடிக்கொத்து. அசுவினி பரப்பும் வைரஸ் அது. குலையும் தள்ளாது, கட்டையோடு தோண்டி அழிக்கவேண்டியதுதான்.

தென்னை

தூரிலிருந்து மூன்று அடி உயரத்துக்குள் செம்பழுப்புச் சாறு கசிந்து, அடிமட்டை ஒவ்வொன்றாகத் தொங்கினால் அதற்கு நம் ஊர் பேரையே வைத்திருக்கிறார்கள்: தஞ்சாவூர் வாடல் நோய். 1952 புயலுக்குப் பிறகு அன்றைய தஞ்சை மாவட்டத்தில்தான் முதலில் கவனிக்கப்பட்டது. மரத்துக்கு வருஷம் 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு, மக்கின எருவில் கலந்த ட்ரைகோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை, பக்கத்து மரத்துக்கு வேர்வழி போகாமல் சுற்றி ஒரு பள்ளம். ஆரம்பத்தில் பிடித்தால்தான் பலன். பட்டுக்கோட்டைப் பக்கம் வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் ஆலோசனை சொல்வார்கள். 2018 நவம்பர் கஜா புயலுக்குப் பிறகு நட்ட கன்றுகளில் விசிறிபோல வெட்டின மட்டை தெரிந்தால் காண்டாமிருக வண்டு. குருத்தில் கம்பி விட்டு எடுங்கள், எருக்குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்குங்கள். அது பிறப்பதே அங்கேதான்.

இலை ஓரம் கருகுகிறது, மண்மேல் வெள்ளை பூத்திருக்கிறது

வேதாரண்யம், தலைஞாயிறு, நாகை ஓரக் கொல்லைகளுக்கு இது. போர்த் தண்ணீரில் உப்பு. கோடையில் கூடும், கார்த்திகை மழையில் கழுவிப்போகும். மழைத்தண்ணீரை வரப்புக் கட்டித் தேக்கி, பிறகு வடியவிட்டால் உப்பு இறங்கும். ஜிப்சம் போடுவதற்கு முன் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதித்துவிடுங்கள். சிக்கலிலும் நீடாமங்கலத்திலும் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. தென்னையும் சப்போட்டாவும் உப்பைத் தாங்கும். பீன்ஸ், எலுமிச்சைக்கு ஆசைப்படாதீர்கள்.

சின்னச் சின்னது

செம்பருத்தியில் பஞ்சுபோல வெள்ளை: மாவுப்பூச்சி. அதைச் சுமந்துபோவது எறும்பு. முதலில் எறும்பு வரிசையை அறுங்கள். மல்லி மொட்டு ஊதாவாக மாறி நூல் கட்டினால் மொட்டுப்புழு, அந்த மொட்டுகளைக் கிள்ளி எடுத்துவிட்டு வேப்பங்கொட்டைச் சாறு தெளியுங்கள். எலுமிச்சை, கறிவேப்பிலைக் கொழுந்தில் பறவை எச்சம்போல ஒன்று ஒட்டியிருந்தால் அது எச்சமில்லை, வண்ணத்துப்பூச்சிப் புழு. கையால் எடுத்தால் போதும். முருங்கைத் தண்டில் பகலில் கம்பளிப்பூச்சி அடையாக உட்கார்ந்திருக்கும், சோப்புத் தண்ணீரை நேராக அதன்மேல் ஊற்றுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

முளைத்த நாற்று கழுத்தொடிந்து விழுகிறது

ஆடிப்பட்டத்துக்கு விதைப்பவர்களின் புலம்பல். கீரைப்பாத்தியில் நேற்று நெருக்கமாக நின்றது, இன்று வட்டமாகச் சாய்ந்து கிடக்கும். மண்ணோடு ஒட்டின இடத்தில் தண்டு நூலாக மெலிந்திருக்கும். நாற்றழுகல். விதையை அடர்த்தியாகத் தூவியதும், சாயங்காலம் தண்ணீர் தெளித்ததும் காரணம். அடுத்த முறை விதையை மணலில் கலந்து பரவலாகத் தூவுங்கள், காலையில் மட்டும் தெளியுங்கள். கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றை நான் இப்போது கொல்லையில் விடுவதே இல்லை. பழைய பிளாஸ்டிக் தட்டில் கருகின உமியும் மண்புழு உரமும் கலந்து, ட்ரைகோடெர்மா ஒரு கைப்பிடி சேர்த்து, திண்ணையில் வெளிச்சம் படுகிற மூலையில் வைத்துவிடுகிறேன். அத்தைக்குத்தான் கோபம், உட்கார இடமில்லையாம்.